பன்னிரண்டு ராசிக்கும் கவனம்

தினசரி காலண்டரில் ராசிபலன் ஒரே சொல்லாக இருக்கும். மேஷம் வரவு, ரிஷபம் தடை, மிதுனம் மறதி என்று தாளின் அடியில் பன்னிரண்டு கட்டம். காலையில் தாளைக் கிழிக்கிற கை அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் காபிக்குப் போகும். அதை ஒருவர் எழுதி அனுப்புகிறார், இன்னொருவர் கட்டத்துக்குள் வைக்கிறார், மூன்றாவதாக ஒருவர் பிழை பார்க்கிறார் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் அந்த மூன்றாவது ஆள் நான்.

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, சென்னையில் நான்கைந்து இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை என்று போய்ச் சேர்ந்த வேலை. சும்மா இருக்க எனக்கு வராது. பஸ்ஸில் உட்கார்ந்தால் எதிர் சீட்டுக்காரர் பையில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருப்பேன். அதிலும் எச்சரிக்கை என்றால் நின்று படிப்பேன், போனில் படம் எடுப்பேன். மின்கம்பத்து மண்டையோட்டுக்குக் கீழே ‘அபாயம்’. லாரிக்குப் பின்னால் ‘இடைவெளி விடவும்’. செருப்புக்கடைத் தள்ளுபடி அட்டையின் ஓரத்தில், எறும்பு படிக்கிற அளவில், ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’. எங்கள் பக்கம் இதற்குப் பஞ்சமே இல்லை. தீப்பெட்டியும் வெடியும் செய்கிற ஊர்கள்; ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சரக்கை வைத்து, ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு பயமுறுத்தலை ஒட்டி அனுப்புகிறோம்.

எல்லாம் ஒரே அர்த்தம்தானே என்று அச்சகத்தில் கேட்பார்கள். ஒரே அர்த்தமா? ‘அபாயம்’ எதிரில் வந்து நின்றுவிட்டதைச் சொல்கிறது. ‘எச்சரிக்கை’ இன்னும் வந்து சேராததைச் சொல்கிறது. ‘ஜாக்கிரதை’யில் ஒரு மிரட்டல் உண்டு, அதனால்தான் நாய் வளர்க்கிற வீட்டுக் கதவில் அதை எழுதுகிறார்கள், ‘நாய்கள் கவனம்’ என்று எழுதினால் திருடன் சிரித்துக்கொண்டே உள்ளே வருவான். ‘பத்திரம்’ வழியனுப்பும்போது வருவது, அதில் பாதி பாசம். எங்கள் பக்கத்து ‘சூதானம்’ இருக்கிறதே, அதை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. வாயில் மட்டும் வாழ்கிறது. வாசல்வரை கூடவே நடந்து வந்து, வண்டி கிளம்பின பிறகும் பின்னால் ஓடிவருகிற சொல் அது.

இப்படி நான் அச்சில் வந்த சொற்களைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தபோது, அதே சொற்களை வைத்துக்கொண்டு தினமும் ஒரு கூட்டம் வேலை செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தது என் மதினியால்.

அண்ணன் லாரி ஓட்டுகிறான். வடக்கே போனால் திரும்பி வருகிற நாள் அவனுக்கே தெரியாது. மதினிக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் மதினியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டு நான் அச்சகத்துக்குப் போவது வழக்கம். பட்டாசுக் கம்பெனி என்றால் பெரிய ஒற்றைக் கட்டடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. கருவேலங்காட்டுக்கு நடுவில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் ஏதாவது ஆனால் அடுத்ததுக்குப் போகக் கூடாதல்லவா, அதற்குத்தான் அந்த இடைவெளி. வெடிமருந்து கலக்கிற ரூம், அதைக் குழாயிலும் புஸ்வாணச் சட்டியிலும் செலுத்துகிற ரூம்கள், கடைசியில் லேபிள் ஒட்டிப் பெட்டி போடுகிற பேக்கிங் ரூம். செலுத்துகிற ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது.

நான் கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. விடமாட்டார்கள். ஆனால் கேட்டே போதுமானதாக இருந்தது. வாட்ச்மேன் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போடுவார். அவர் நாற்காலிக்குப் பின்னால் எங்கள் அச்சகத்துக் காலண்டர் தொங்கும். பெண்கள் அத்தனை பேரும் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் தாளைக் கிழிப்பார். கிழித்து, கண்ணாடியை மாட்டி, பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவுகிற குரலில் படிப்பார்.

“மேஷம், ஆதாயம்! ரிஷபம், அலைச்சல்! மிதுனம், கவனம்!”

“ஏ மிதுனம், உனக்குக் கவனமாம்டி,” என்று கூட்டத்தில் ஒரு குரல்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு. பேக்கிங்கு.”

முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் மதினியிடம் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். ராசியில் ‘கவனம்’ வந்தவள் அன்றைக்கு மருந்து செலுத்த உட்காரமாட்டாள். பேக்கிங்குக்குப் போய்விடுவாள்; பேக்கிங்கிலிருந்து ஒருத்தி இவள் இடத்துக்கு வருவாள். ‘நிதானம்’ என்றால் செலுத்தலாம், ஆனால் கதவோரத்தில்தான் உட்கார வேண்டும். ‘எச்சரிக்கை’ வந்தால் மருந்து கலக்கிற ரூம் பக்கமே நடக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும்.

“அப்ப ‘ஜாக்கிரதை’ வந்தா?”

“அதுலதான் சண்டை. சிலவ எச்சரிக்கைக்கு மேலன்னுவாளுக. சிலவ கவனத்துக்குக் கீழன்னுவாளுக. ஜாக்கிரதை வந்த அன்னைக்கு வேலை தொடங்க லேட்டாகும்.”

எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எம்.ஏ. படித்தபோது எந்த வகுப்பிலும் ஒரு சொல்லின் எடையைப் பற்றி இவ்வளவு சூடாக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அது மூடநம்பிக்கைதானே மதினி, ஜோசியர் எங்கேயோ உட்கார்ந்து எழுதுகிறதுக்கும் உங்கள் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

“இருங்க கொளுந்தனாரே. நாளைக்கு நல்லாப் பாருங்க. யாரு எந்த ராசின்னு பாருங்க.”

பார்த்தேன். ஒரு வாரம் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. எப்போதும் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டு வருகிற ஒரு பெண். திங்கட்கிழமை அவள் கடகம். புதன்கிழமை கண் இரண்டும் சிவந்து வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சலாம், கண்ணை மூடவில்லையாம். அன்று வாட்ச்மேன் “கும்பம், கவனம்!” என்றதும் அவள் கையைத் தூக்கினாள்.

“நான் பேக்கிங்கு.”

“நேத்து வரைக்கும் கடகம்ல நீயி?” என்றார் வாட்ச்மேன்.

“அது எங்க அம்மா சொன்னது. எங்க அய்யா கும்பம்னுதான் சொல்லுவாரு.”

ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. பேக்கிங்கில் இருக்கிற ஒருத்தி கூட்டத்திலிருந்து முன்னால் வந்து இவள் இடத்தை எடுத்துக்கொண்டாள். நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். புருஷனோடு சண்டை, தூக்கமில்லை, தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிக் கொடுத்துவிடலாம். வாங்கிக்கொள்கிறவள் திறந்து பார்க்கமாட்டாள். நாங்கள் அச்சடித்தது வெறும் தாள்தான். அதை இப்படி ஒரு கருவியாக ஆக்கியது அந்தக் கேட்டில் நின்ற பெண்கள். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மதினி மட்டும் தன் ராசியை யாரிடமும் சொல்வதில்லை. முன்பு சொல்லிக்கொண்டிருந்தாராம். நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது.

பழைய போர்மேன் சாத்தூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மதினி போர்மேன் பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, தேறி, சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார். அந்தக் கம்பெனியில் பெண் போர்மேன் அதுவரை கிடையாது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, தீபாவளி சீசன் லோடு போகிறவரை செலுத்துகிற ரூம்களை நீங்க பாருங்க, அப்புறம் முதலாளிகிட்டப் பேசிப் பாப்போம் என்று சொல்லியிருந்தார். ‘பாப்போம்’. எங்கள் வீட்டில் அந்தச் சீசன் முழுக்க அந்தச் சொல்தான் கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

மதினிக்கு ஏன் அந்த வேலை அவ்வளவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த வேறொரு இடத்தில் ஒரு சீசன் கடைசியில் ரூமில் மருந்தைக் கூடுதலாக வைத்துக்கொண்டு அவசரம் அவசரமாகச் செலுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அன்று அவர் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தார். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஒரு ரூமில் எவ்வளவு மருந்து இருக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிற வாய் போர்மேனுடையது. ‘போதும்’ என்று சொல்கிற அந்த இடத்தில் தான் இருக்க வேண்டும் என்று மதினி நினைத்தார். போர்மேன் ராசி சொல்லி இடம் மாற முடியாது. அதனால் தன் ராசியை மறந்துவிட்டார்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் அச்சகத்தில் வேலை இல்லாமல், நடப்பு வருடத்துக் காலண்டரை முன்னால் புரட்டிக்கொண்டிருந்தேன். நான் சேருவதற்கு முன்னால் அச்சானது அது. புரட்டிக்கொண்டே வந்தவன் புரட்டாசியில் ஒரு தாளில் நின்றேன். மேஷம் கவனம். ரிஷபம் கவனம். மிதுனம் கவனம். மீனம்வரைக்கும் பன்னிரண்டு கட்டத்திலும் கவனம். யாரோ கணினியில் ஒரு கட்டத்தை நகல் எடுத்து வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்று அடுத்தவரும் விட்டிருக்கிறார்.

ஜோசியருக்குப் போன் போட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல தமாஷான மனிதர்.

“நான் அப்படி அனுப்பலியே தம்பி. ஒங்க ஆளுக ஒட்டுனதா இருக்கும்.”

“எங்க ஆபீஸ்ல நீங்க அனுப்புனதுன்னு சொல்றாங்க சார்.”

“அப்ப ரெண்டு பேரும் அனுப்பலைன்னு வச்சிக்கிடுவோம். நாடே ஒரு நாளு கவனமா இருந்தா நல்லதுதான?”

அதே கையோடு ரொம்ப நாள் சந்தேகத்தையும் கேட்டேன். எச்சரிக்கை பெரிதா, ஜாக்கிரதை பெரிதா?

“கட்டத்துக்குள்ள எது அடங்குதோ அது பெருசு. ஒங்க டிசைன் பண்ற பிள்ளைதான், நீளமான வார்த்தை போடாதீங்க, எழுத்து இடிக்குன்னு சொல்லுச்சு.”

அன்று வீட்டுக்குப் பறந்தேன். மதினிக்கு இதைவிட நல்ல தமாஷ் கிடைக்காது என்று நினைப்பு. தாளைப் படம் எடுத்து வந்திருந்தேன், காட்டினேன். மதினி சிரிக்கவில்லை. போனை வாங்கி விரலால் பெரிதாக்கி, கட்டம் கட்டமாகப் பார்த்தார்.

“இது எந்தக் கிளமை?”

வெள்ளிக்கிழமை என்றேன். வடக்கே போகிற கடைசிப் பூச்சட்டி லோடு அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற வேண்டும் என்று மேனேஜர் நாள் குறித்திருந்தார். மதினிக்கு ‘பாப்போம்’ என்ன ஆகும் என்பதும் அந்த லோடோடுதான் தெரியும். அந்த நாளில் ஒருத்தியும் செலுத்த உட்காரமாட்டாள். மாற்றிக்கொள்ள ஆளே இல்லை, பேக்கிங்கில் இருப்பவளுக்கும் கவனம்தான்.

எனக்கு உடனே வழி தோன்றியது. எனக்கு எப்போதும் உடனே தோன்றும்.

“மதினி, எங்க ஆபீஸ்லயே சின்னதா ஸ்டிக்கர் அடிச்சுத் தாரேன். கட்டத்து மேல ஒட்டிருவோம். லாபம், வரவு, உயர்வுன்னு. வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியாது.”

“வேணாம்.”

“இல்லன்னா அந்தத் தாளை முந்தின நாளே கிளிச்சிருவோம். காத்துல போயிருச்சும்போம்.”

“வேணாம்லே.” கொளுந்தனாரிலிருந்து ‘லே’க்கு இறங்கினால் மதினி விளையாடவில்லை என்று அர்த்தம். “ஒரு தடவை ஒட்டுன வார்த்தைன்னு தெரிஞ்சிருச்சுன்னு வையி, அப்புறம் எந்த வார்த்தையையும் நம்பமாட்டாளுக. கண்ணு செவந்து வந்தவ அப்புறம் எதைச் சொல்லிட்டுப் பேக்கிங்குக்குப் போவா?”

அந்த ஏற்பாட்டை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். மதினி அதைக் காப்பாற்றப் பார்த்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். தெரியலை, வரட்டும் என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து திடீரென்று, “எல்லாருக்கும் கவனம்னா அது யாருக்கு?” என்றார். என்னிடம் கேட்டமாதிரி இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கேட்டுக்கு வெளியே லாரி முந்தின நாளே வந்து நின்றுகொண்டிருந்தது. டிரைவர் படியில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் மதினியை இறக்கிவிட்டுப் போகவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன். வாட்ச்மேன் போன்களை வாங்கிப் போட்டார். கண்ணாடியை மாட்டினார். கிழித்தார்.

“மேஷம், கவனம்! ரிஷபம், கவனம்! மிதுனம்...” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “மிதுனம், கவனம்.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. “எண்ணே, ஒரே இடத்துல நிக்கிறீக. கீள வாங்க.”

“கீளதாம்மா வாரேன். கடகம் கவனம். சிம்மம் கவனம்.”

துலாத்துக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. மீனம் முடிந்ததும் அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல.

பச்சை வளையல்காரிதான் முதலில் பேசினாள். “அப்ப எல்லாரும் பேக்கிங்கு. மேனேஜரு வந்து செலுத்தட்டும்.”

“அவரு என்ன ராசியாம்?”

“எந்த ராசியா இருந்தா என்னடி, இந்தப் பன்னெண்டுக்குள்ளதான?”

மறுபடி சிரிப்பு வெடித்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் பைக்கில் வந்து இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தச் சீசனில் அவர் போனை எடுக்கும்போதெல்லாம் வடக்கேயிருந்து யாராவது கத்திக்கொண்டிருந்தார்கள். என்ன எல்லாரும் நிக்கிறீக என்றார். வாட்ச்மேன் தாளை நீட்டினார். படித்தார். நான் எந்த அச்சகத்தில் வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் லாரி டிரைவரைப் பார்த்தேன்.

“இதெல்லாம் அச்சுப்பிழைம்மா. போங்க, போயி வேலையைப் பாருங்க.”

யாரும் நகரவில்லை. எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள். மதினி தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெண்களைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஒருத்திக்குக் கவனம் வந்தா என்ன செய்வோம்?”

“ஆள மாத்துவோம்.”

“எல்லாருக்கும் வந்துருக்கு. மாத்த ஆளு இல்ல. அப்ப ஆள மாத்த வேணாம். வேலைய மாத்துவோம்.”

“எப்படிக்கா?”

“ரூமுக்கு ரெண்டு பேரு. தட்டுல பாதி மருந்துதான் வாங்கணும், தீந்த பிறகுதான் மறு தட்டு. ரெண்டு பேரும் கதவோரம். யாரும் யாரையும் வெரசா செய்யின்னு சொல்லக் கூடாது, நானும் சொல்லமாட்டேன். வெயிலு ஏறுனதும் மருந்தை மூடிருவோம், மிச்சம் நாளைக்கு. இது எல்லாருக்கும் சம்மதமா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிதானம் வந்தால் கதவோரம் என்பது அவர்கள் வழக்கம். கவனம் வந்தால் விலகுவது அவர்கள் வழக்கம். இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்று அவர்கள் முன்னால் வந்து நின்றது. பச்சை வளையல்காரி தலையை ஆட்டினாள். அது போதுமானதாக இருந்தது.

மேனேஜர்தான் விடவில்லை. “லோடு?”

“ஏறும் சார். ஆனா நாளைக்கு மத்தியானம் ஏறும்.”

“இன்னைக்குச் சாயங்காலம்னு சொல்லிருக்கேன்ம்மா.”

“நீங்க சொல்லிருக்கீக. நான் சொல்லலை.”

லாரி டிரைவர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டார். மேனேஜர் குரலைத் தணித்தார். தணிந்த குரல் இன்னும் நன்றாகக் கேட்டது.

“இப்படின்னா ஒங்க போர்மேன் விஷயத்தை நான் யோசிச்சுத்தான் பேசணும்.”

“பேசுங்க சார். யோசிச்சே பேசுங்க. நாளைக்கு மத்தியானம்னு இப்ப நான் சொல்லுதேன். அது தப்புச்சுன்னா என்கிட்ட வந்து கேளுங்க.”

எத்தனையோ பலகைகளையும் பெட்டிகளையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் எதிலும் லோடைப் பற்றி மதினி சொன்ன அந்த ‘ஆனா’வுக்கு ஈடாக ஒரு சொல் இல்லை. நாங்கள் பேசுகிற ‘ஆனா’ பெரும்பாலும் பின்வாங்குவதற்காக வைத்துக்கொள்கிற கதவு. வருவேன், ஆனா. தருவேன், ஆனா. மதினியின் ‘ஆனா’வுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். முடியும் என்பதிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொண்டு, மீதி இருப்பதை அப்படியே கையில் கொடுத்தார்.

மேனேஜர் ஆபீஸுக்குள் போய்விட்டார். பெண்கள் உள்ளே போனார்கள். ஒவ்வொருத்தியாக வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டுப் போவது கேட்டிலிருந்து தெரியும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக அது. அன்று எல்லோரும் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்தமாதிரி எனக்குப் பட்டது. எனக்கு அப்படிப் பட்டிருக்கலாம்.

சாயங்காலம் வேலை முடிகிற நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றேன். லாரி காலியாக நின்றது. டிரைவர் சவரம் செய்து, குளித்து, சட்டை மாற்றி ஜோராக இருந்தார். சிவகாசிக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். “ரொம்ப நாளைக்கப்புறம் இடைவேளைக்கு அப்புறமும் தூங்காம ஒரு முழுப்படம் பாத்தேன் தம்பி,” என்றார்.

பெண்கள் வந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“என்ன ஆகும்? ஒண்ணும் ஆகலை,” என்றாள் பச்சை வளையல்காரி. “ஒங்க மதினி ஒரு ஆளையும் வெரட்டலை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு, யாரும் ஏசாம வேலை செஞ்சு பளக்கம் இல்லேல்லா.”

மறுநாள் காலையில் மிச்சத்தை முடித்தார்கள். சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே லாரி கிளம்பிவிட்டது. அது மேனேஜருக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தச் சீசன் முழுக்க வடக்கே அவர் சொன்ன நேரங்கள் ஒவ்வொன்றும் தப்பிக்கொண்டே வந்திருக்கின்றன. தப்பாத முதல் நேரம் அவர் சொன்னதல்ல. முதலாளியிடம் அவர் என்ன பேசினார் என்பதும் எங்களுக்குத் தெரியாது. நாலைந்து நாள் கழித்து மதினியைக் கூப்பிட்டு, நின்றபடியே சொன்னாராம்: “இப்போதைக்கு நீங்களே போர்மேனா இருங்க.”

மதினி வீட்டுக்கு வந்து சொன்னதும் நான் குதித்தேன். அடுத்த நிமிடமே எனக்குக் கோபம் வந்தது.

“இப்போதைக்குன்னா? அதென்ன இப்போதைக்கு? போட்டா முழுசாப் போடணும். போயி அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லுங்க மதினி.”

மதினி தலைமுடியை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

“எதுக்கு எடுக்கணும்? இருந்துட்டுப் போகட்டும்.”

“நாளைக்கே மாத்திட்டா?”

“அவுகளுக்குத்தான் அது இப்போதைக்கு. ரூமுல நான் போதும்னு சொன்னா, சொன்ன நேரத்துக்கு அது போதும்தான. அம்புட்டு போதும் எனக்கு.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “இப்போதைக்கு.”

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, அவன் எங்கேயோ பெரிய இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு, “சூதானமா இருக்கச் சொல்லு,” என்று மட்டும் கத்தினான். அதை நான் மதினியிடம் அப்படியே சொன்னேன். மற்ற எந்தச் சொல்லுக்கும் குனியாத தலை அதற்குக் கொஞ்சம் குனிந்தது.

அடுத்த நாள் காலை வழக்கம்போலக் கொண்டுபோய் விட்டேன். வாட்ச்மேன் மதினியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்துவிட்டோமே என்று தோன்றியிருக்க வேண்டும், எழுந்த சாக்கில் தாளைக் கிழித்தார். அன்று பன்னிரண்டு கட்டத்திலும் பன்னிரண்டு விதமாக இருந்தது. அலைச்சல், வரவு, பெருமை, மறதி. விருச்சிகத்துக்கு மட்டும் கவனம்.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து பச்சை வளையல் போட்ட கை ஒன்று மெதுவாக மேலே வந்தது.

“நான் பேக்கிங்கு, அக்கா.”

வாட்ச்மேன் வாயைத் திறந்தார். கடகமும் கும்பமும் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது தெரிந்தது. மதினி அவரைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டு போன் பெட்டியைப் பூட்டினார்.

“விருச்சிகமா?” என்றார் மதினி.

“ஆமாக்கா.”

“சரி, போ. பதறாமப் போ.”